இயந்திர வரைவும் பின்திருத்தமும்: தீர்ப்பு மொழிபெயர்ப்புப் பணிமுறை குறித்த ஒரு மதிப்பீடு

மொழிபெயர்ப்பில் செயற்கை நுண்ணறிவின் பங்கு பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் வெளியீட்டின் தரத்தையே சுற்றி வருகின்றன. இயந்திரம் தரும் தமிழ் எவ்வளவு சரியானது என்பதே வினாவாக அமைகிறது. பணி எந்த வரிசையில் நடைபெறுகிறது, எந்த முடிவை எந்தக் கட்டத்தில் யார் எடுக்கிறார் என்பன அரிதாகவே ஆராயப்படுகின்றன. நீதிமன்றத் தீர்ப்புகளின் தமிழாக்கத்தைச் சான்றாகக் கொண்டு, வழக்கிலுள்ள பணிமுறையை மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. வழக்கிலுள்ள முறை

அரசியலமைப்பின் 348ஆம் உறுப்பின்படி உச்சநீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். தீர்ப்புகளை இந்திய மொழிகளுக்குக் கொண்டுவருவதற்கென 2019இல் ‘சுவாஸ்’ என்னும் மென்பொருளை அந்நீதிமன்றம் அறிமுகப்படுத்தியது. அதன் மொழிகளுள் தமிழும் ஒன்று. இயந்திரம் வரைவு தரும். மொழிபெயர்ப்பாளர் அதனைச் சரிபார்ப்பார். இத்தகைய தமிழாக்கங்களின் இறுதியில், இது வழக்காடுபவர் தம் மொழியில் புரிந்துகொள்வதற்கு மட்டுமே, ஆங்கில மூலமே அதிகாரபூர்வமானது என்னும் குறிப்பு இடம்பெறுவது வழக்கம். இக்குறிப்பு மொழிபெயர்ப்பின் பொறுப்பைக் குறைத்துவிட்டதாகக் கருதுவோர் உளர். உண்மையில் அது பொறுப்பைக் கூட்டுகிறது. ஆங்கில மூலத்துடன் ஒப்பிட்டுப் பார்க்க இயலாதவருக்காகவே தமிழாக்கம் செய்யப்படுகிறது. தாம் வென்றாரா தோற்றாரா, எக்காரணத்தால் என்பதை அவர் அந்தத் தமிழிலிருந்து மட்டுமே அறிகிறார்.

முதலில் இயந்திரம், முடிவில் மனிதர் என்னும் இவ்வரிசைக்கு உலக அளவிலும் ஏற்பு உண்டு. பன்னாட்டுத் தரநிறுவனம் 2017இல் வெளியிட்ட 18587ஆம் தரநிலை பின்திருத்தத்திற்கென்றே அமைந்தது. அதே நிறுவனம் 2015இல் மொழிபெயர்ப்புப் பணிகளுக்கென வெளியிட்ட 17100ஆம் தரநிலை இயந்திர வரைவுக்குப் பின்திருத்தம் செய்வதைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்தியது; மொழிபெயர்த்தவர் அல்லாத வேறொருவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவதைக் கட்டாயமாக்கியது. இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிப்பவருக்கு, பின்திருத்தம் என்பது மொழிபெயர்ப்பின் ஒரு வகையன்று, வேறொரு தொழில் என்பது விளங்கும்.

2. வழுவழுப்பான பிழை

விதிமுறை சார்ந்த பழைய இயந்திர மொழிபெயர்ப்புகளின் பிழைகள் கண்ணில் குத்தின. வேற்றுமை உருபு மாறியிருக்கும். வினைமுற்று இடம் பெயர்ந்திருக்கும். திருத்துபவர் அங்கே நின்றார். நரம்பியல் வலையமைப்பு சார்ந்த இன்றைய மாதிரிகளின் வெளியீடு ஒழுகிச் செல்லும் தமிழாக இருப்பதால், பிழையும் ஒழுகிச் செல்கிறது. பின்வரும் எடுத்துக்காட்டுகள் ஆய்வுக்காக அமைத்துக்கொண்டவை.

அறிவிப்பு சார்வு செய்யப்படாமை, ஆணையை ரத்துச் செய்யாமை ஆகிய இரண்டையும் ‘பிகாஸ்’ என்னும் சொல்லால் இணைக்கும் ஆங்கில வாக்கியம் ஒன்றைக் கொள்வோம். எதிர்மறை எதுவரை பரவுகிறது என்பதைப் பொறுத்து அதற்கு இரு பொருள்கள் உண்டு:

(1) அறிவிப்பு சார்வு செய்யப்படாததால் நீதிமன்றம் அந்த ஆணையை ரத்துச் செய்யவில்லை.

(2) நீதிமன்றம் அந்த ஆணையை ரத்துச் செய்தது, அறிவிப்பு சார்வு செய்யப்படாத காரணத்தால் அன்று.

முதலாவதில் ஆணை நிலைக்கிறது; இரண்டாவதில் வீழ்கிறது. ஆங்கிலம் இருபொருளையும் ஒரே வடிவில் தாங்குகிறது. தமிழோ தொடரமைப்பிலேயே ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். இயந்திரம் (1)ஐத் தந்தால் அதில் இலக்கணக் குறை எதுவும் இல்லை. தமிழை முதலில் படித்துப் பின்னர் ஆங்கிலத்தைப் பார்க்கும் திருத்துநர், ஆங்கிலத்திலும் (1)ஐயே காண்பார். வரைவு அவருடைய வாசிப்பை முன்கூட்டியே வடிவமைத்துவிடுகிறது. இதனைத் திருத்துநரின் கவனக்குறைவாகக் கொள்வது பொருந்தாது. பணிமுறை அவருக்குத் தந்த வரிசையின் விளைவு அது.

இதைவிடக் கடினமானது வாக்கிய எல்லையைத் தாண்டும் சிக்கல். ஆங்கிலப் படர்க்கை ஒருமை ஆண், பெண் வேறுபாட்டைக் காட்டும். தமிழின் ‘அவர்’ என்னும் உயர்வுப் பன்மை அவ்வேறுபாட்டை மறைக்கும். மணமுறிவு வழக்கொன்றின் தீர்ப்பில் கணவனும் மனைவியும் மாற்றுப்பெயர்களாலேயே சுட்டப்படும் பத்தி, தமிழில் இவ்வாறு வரக்கூடும்:

(3) அவர் அறிவிப்பு அனுப்பும்வரை அவர் அவரைத் தொடர்பு கொள்ளவில்லை.

சொல்லுக்குச் சொல் இதில் தவறில்லை. ஆயினும் புறக்கணித்தவர் யார், அறிவிப்பு அனுப்பியவர் யார் என்பது அழிந்துவிட்டது. வழக்கே அதைப் பற்றியதுதான். அவன், அவள் என மாற்றினால் பொருள் திரும்பும், மரியாதை போய்விடும்; நீதிமன்றத் தமிழ் வழக்காடுபவரை அவ்வாறு சுட்டலாகாது. ‘மனைவி அறிவிப்பு அனுப்பும்வரை கணவர் அவரைத் தொடர்பு கொள்ளவில்லை’ எனப் பெயர்களை மீட்பதே வழி. இம்முடிவு ஒரு வாக்கியத்திற்கு உரியதன்று. தீர்ப்பு முழுமைக்கும் தொடக்கத்திலேயே எடுக்க வேண்டியது. உயர்நீதிமன்றத்தில் மனுதாரராக இருந்தவர் உச்சநீதிமன்றத்தில் எதிர்மேல்முறையீட்டாளராக மாறும்போதும் இதுவே நிலை.

கலைச்சொல் சிக்கல் ஒப்பீட்டளவில் எளிது. 136ஆம் உறுப்பின்கீழ் மேல்முறையீட்டுக்கு அனுமதி வழங்கும் ‘லீவ் கிராண்டட்’ என்னும் இரு சொற்கள் ‘விடுப்பு அளிக்கப்பட்டது’ என வருமாயின், சட்டம் அறிந்தவர் சிரித்துவிட்டுத் திருத்துவார். சிரிப்பை வரவழைக்கும் பிழை ஆபத்தற்றது.

3. இரு முன்னோடிகள்

இயந்திரத்திற்கும் மனிதருக்கும் இடையிலான வேலைப்பிரிவு புதிய வினாவன்று. மாண்ட்ரியால் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1977 முதல் 2001 வரை கனடாவின் ஆங்கில வானிலை அறிக்கைகளைப் பிரெஞ்சில் ஆக்கித் தந்த ‘மெத்தியோ’ அமைப்பின் வெற்றிக்கு, அதன் துறைமொழி குறுகியது என்பதே காரணமாகப் பொதுவாகச் சொல்லப்படும். அது உண்மையே. அதே ஆய்வுக்குழு வானூர்திப் பராமரிப்புக் கையேடுகளுக்கு மேற்கொண்ட முயற்சி 1981இல் கைவிடப்பட்டது. ஆனால் போதிய கவனம் பெறாத இன்னொரு காரணமும் உண்டு. மெத்தியோ தன்னால் பகுக்க இயலாத வாக்கியத்தை மொழிபெயர்க்காமல் மனிதரிடம் ஒப்படைத்தது. தன் தோல்வியைத் தானே அறியும் ஆற்றல் அதற்கு இருந்தது. இன்றைய மாதிரிகள் எதையும் மறுப்பதில்லை. அறிந்ததையும் அறியாததையும் ஒரே குரலில் சொல்கின்றன. ஆற்றல் பன்மடங்கு பெருகிய காலத்தில் இவ்வொரு பண்பு இழக்கப்பட்டது.

மார்ட்டின் கே 1980இல் எழுதிய, மொழிபெயர்ப்பில் மனிதருக்கும் இயந்திரத்திற்கும் உரிய இடம் பற்றிய கட்டுரை மற்றொரு முன்னோடி. முழு வரைவையும் இயந்திரத்திடம் விட்டுப் பின்னர் மனிதரைத் துப்புரவு செய்ய வைப்பதை அவர் ஏற்கவில்லை. மொழிபெயர்ப்பாளரின் கையெழுத்துத் துணைவராக இயந்திரம் அமர வேண்டும், ஐயத்தைத் தொடக்கத்திலேயே கேட்க வேண்டும், பெற்ற விடையை அப்பனுவல் முழுவதும் நினைவில் கொள்ள வேண்டும் என்பது அவர் கருத்தின் சாரம். இந்தியாவில் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கிய ‘அனுசாரகா’வும், மூலத்தின் செய்தி சிதையாமல் வர வேண்டும், நடை கரடுமுரடாக இருப்பினும் படிப்பவர் முயன்று கொள்ளலாம் என்னும் கொள்கை கொண்டிருந்தது. வழுவழுப்பைக் கண்டு மயங்கும் இன்றைய நிலையில் அக்கரடுமுரடின் நேர்மை மறுபடி எண்ணத்தக்கது.

4. வரிசை மாற்றம்

முழு ஆவணத்தையும் ஒருசேர ஏற்கும் பெருமொழி மாதிரிகள் வந்துவிட்ட பின் (3) போன்ற சிக்கல் குறைந்துவிடும் என்பது நியாயமான மறுப்பு. குறையவும் கூடும். எனினும் அவ்வாற்றலை இன்னும் நீண்ட வரைவுக்குச் செலவிடுவதா, வினா எழுப்பச் செலவிடுவதா என்பதே பணிமுறை வகுப்போர் தீர்மானிக்க வேண்டியது. தீர்ப்பை மொழிபெயர்க்கும் முன், தரப்பினர் பட்டியலையும் அவர்கள் ஒவ்வொரு நீதிமன்றத்திலும் பெற்ற பெயர்களையும் தொகுத்துத் தருமாறு மாதிரியைக் கேட்கலாம். இருபொருள்படும் வாக்கியங்களை இரு வாசிப்புகளுடன் முன்வைக்கச் சொல்லலாம். சட்டம் கற்ற மொழிபெயர்ப்பாளர் அவற்றை ஒரே அமர்வில் தீர்த்துத் தந்தபின் வரைவு தொடங்க வேண்டும். மாதிரி ஐயுறாத இடத்திலும் ஐயம் இருக்கலாமாதலால், மூலத்தை மனிதர் ஒருமுறை வரைவின்றிப் படிப்பது தவிர்க்க இயலாதது. அதே மாதிரியைக் கொண்டே வரைவைச் சரிபார்ப்பதில் பயன் குறைவு. முதல் வாசிப்பில் வழுக்கிய இடத்தில் இரண்டாம் வாசிப்பிலும் அது வழுக்கக்கூடும்.

இதற்கு நேரம் கூடும் என்பதை மறுக்க வேண்டியதில்லை. பின்திருத்தத்திற்கு மொழிபெயர்ப்பைவிடக் குறைந்த ஊதியம் சொல்லெண்ணிக்கையின்படி வழங்கும் வழக்கம் நீடிக்கும்வரை, மூலத்தை முதலில் படிக்கும் மொழிபெயர்ப்பாளர் தம் கூலியிலிருந்தே அந்நேரத்தைத் தர நேரிடும்.

திருத்தங்களைச் சேமிக்கும் முறையும் மாற வேண்டும். வரைவு, திருத்திய வடிவம் ஆகிய இரண்டை மட்டும் இணையாகச் சேர்த்துவைப்பதால், ‘இரத்து’ என்பதை ‘ரத்து’ ஆக்கிய திருத்தமும், (1)ஐ (2) ஆக்கிய திருத்தமும் ஒரே எடை பெறுகின்றன. எழுத்துமரபு, கலைச்சொல், சுட்டு, எதிர்மறைப் பரப்பு எனக் காரணத்தை ஒரு சொல்லில் திருத்துநர் குறித்துவைத்தால், அடுத்த தீர்ப்பில் எவ்வகை வாக்கியத்தை முன்கூட்டியே நிறுத்திக் கேட்க வேண்டும் என்பது அக்குறிப்புகளிலிருந்தே தெரியவரும். இவ்வகைப்பாட்டை வகுக்க மென்பொருளாளரைவிட மொழியியலாளரே தகுதியுடையவர். அவ்வேலை இதுவரை அவர்களிடம் முறையாகக் கோரப்படவில்லை.