சிவப்புப் பலகைக்கு ஒரு நீதி, பழைய வண்டிக்கு ஒரு நீதி

பதிவு ஆகாத வண்டியைச் சாலையில் ஓட்டக்கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு. வியாபாரி வசம் இருக்கும் வண்டிக்கு விலக்குத் தருவதும் அதே பிரிவுதான். அதற்கு அவர் டிரேடு சர்டிபிகேட் எடுத்திருக்க வேண்டும். சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்தோடு போகும் புது வண்டிகள் இந்த வகை.

இந்தச் சலுகையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அதன் எல்லை தெளிவாக இருக்கிறது. வாங்க வருபவருக்கு ஓட்டிக் காட்டலாம், பழுது பார்க்கவும் பதிவுக்கும் கொண்டு போகலாம். கடைக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு எடுத்துப் போக முடியாது. தற்காலிகமாகவாவது பதிவு செய்யாமல் வாங்கியவர் கையில் வண்டியைக் கொடுக்கக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதி 42 தடுக்கிறது. சட்டத்தின் 2019 திருத்தம் தண்டனையையும் அளந்து வைத்தது. ஆயுள் வரி கட்டும் வண்டியைப் பதிவு செய்யத் தவறினால் உரிமையாளருக்கு அந்த வரியில் மூன்றில் ஒரு பங்கு அபராதம், டீலருக்கோ முழு வரியும் அபராதம். தெரிந்து செய்பவனுக்குக் கூடுதல் தண்டனை என்பது நியாயம்தான்.

சிக்கல் பழைய வண்டியில் இருக்கிறது. சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் பட்டாசு ஆலைத் தொழிலாளர்கள் பலர் முதலில் எட்டிப் பார்ப்பது ஷோரூமை அல்ல, பழைய வண்டி வாங்கி விற்கும் ஆட்டோ கன்சல்டிங்கை. அங்கே தன் வண்டியை விற்க வந்தவரிடம் பணத்தோடு ஒரு டெலிவரி நோட்டையும் நீட்டுவார்கள். கூடவே பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30. வாங்குபவர் பெயர் எழுத வேண்டிய இடம் காலி. கையெழுத்து மட்டும் வேண்டும். “ஆள் வந்ததும் எழுதிக்கிறோம் அண்ணே” என்பார்கள். ஆள் வந்து, அவர் இன்னொருவருக்கு விற்று, பெயர் மாறாமலே வண்டி மூன்று கை மாறியிருக்கும். ஹெல்மெட் போடாததற்கான அபராத மெசேஜ் மட்டும் முதல் ஆளின் செல்போனுக்கு வந்துகொண்டே இருக்கும்.

அபராதத்தோடு போனால் பரவாயில்லை. இப்படிப் பல கை மாறிய வண்டி ஒன்று 2009-இல் விபத்தில் சிக்கி ஒரு குழந்தை இறந்த வழக்கில், 2018 பிப்ரவரி 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே.

இதற்கு மருந்தாகத்தான் 2022 டிசம்பரில் மத்திய அரசு 55ஏ முதலான விதிகளைச் சேர்த்தது. அவை 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. பழைய வண்டி வியாபாரி பதிவு அலுவலரிடம் அங்கீகாரம் பெற வேண்டும். வண்டி அவர் கைக்குப் போனதை 29சி படிவத்தில் ஆன்லைனில் தெரிவித்துவிட்டால், அதன்பின் அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். வண்டி வெளியே போய்வந்த விவரத்தையும் மின்னணுப் பதிவேட்டில் அவர் குறிக்க வேண்டும். ஷோரூமுக்கு இருந்த ஒழுங்கு கன்சல்டிங்கிற்கும் வந்தது. எண்ணம் சரியானது.

ஆனால் இரண்டு ஓட்டைகள். உரிமையாளர் யார் என்பதைச் சட்டத்தின் 2(30) பிரிவு பதிவேட்டை வைத்தே வரையறுக்கிறது. உச்ச நீதிமன்றம் பிடித்துக்கொண்டதும் அதைத்தான். வியாபாரியை உரிமையாளராகக் கருதச் சொல்வதோ வெறும் விதி. சட்டமும் விதியும் மோதினால் சட்டம்தான் நிற்கும். விபத்து வழக்கில் இன்சூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் இந்த இடத்தில் கை வைக்காமல் விடமாட்டார். அடுத்தது இன்னும் மோசம்: அங்கீகாரம் எடுக்காத கடையில் வண்டியை விட்டவருக்கு இந்த விதியால் ஒரு பயனும் இல்லை. தவறு கடைக்காரர் மேல், அடி விற்றவர் மேல்.

ஆகவே என் தீர்ப்பு இது. புது வண்டி டீலருக்கான விலக்கு நீடிக்கட்டும். பழைய வண்டி விதிகள் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கின்றன; வியாபாரியின் பொறுப்பைப் பாராளுமன்றம் சட்டத்திலேயே எழுத வேண்டும், வண்டியை ஒப்படைத்ததை விற்றவர் தனியாகவே பதியவும் வழி வேண்டும். அதுவரை வண்டியை விடப் போகிறவர்கள் 29சி ஒப்புகையைக் கேட்டு வாங்குங்கள். தர முடியாது என்றால், வாங்குபவரை நேரில் வரச் சொல்லி அவர் பெயரை எழுதிய பிறகே ஃபார்ம் 29, 30-இல் கையெழுத்துப் போடுங்கள்.