கவிதை வகுப்பும் பின்தங்கிய மாணவரும்

அமெரிக்கக் கவிஞர் கெனத் கோக் 1970 இல் வெளியிட்ட ‘விருப்பங்கள், பொய்கள், கனவுகள்’ என்னும் நூல், சிறுவர்க்குக் கவிதை எழுதக் கற்பித்தல் பற்றியது. கொலம்பியாப் பல்கலைக்கழகத்து ஆசிரியராகிய அவர், 1968 முதல் நியூயோர்க் நகரின் 61 ஆம் இலக்கப் பொதுப் பாடசாலையிற் கற்பித்துப் பெற்ற அனுபவமே அந்நூலாயிற்று. வாசிப்பிலும் எழுத்திலும் இடர்ப்பட்ட பிள்ளைகளும் ஆங்குக் கவிதை புனைந்தனர் என்பதே நம் ஆசிரியர் கருதற்பாலது.

அவர் கையாண்ட முறை மிக எளியது. ஒவ்வொரு பிள்ளையும் ஓரடி மாத்திரம் எழுதல் வேண்டும்; அது ‘நான் விரும்புகிறேன்’ என்னும் பொருள்படத் தொடங்கி, ஒரு நிறம், ஒரு நகரம், ஒரு படக்கதைப் பாத்திரம் ஆகியவற்றைக் கொண்டிருத்தல் வேண்டும். அடிகளைத் திரட்டி ஒரே கவிதையாக உரத்துப் படித்தார். அக்கவிதையிலே வல்லவன் அடியும் மெலியவன் அடியும் அருகருகே நின்றன. எழுத்துப் பிழை அவ்வேளை பொருட்படுத்தப்படவில்லை. புவேர்ட்டோ ரிக்கோப் பிள்ளைகள் தம் ஸ்பானிய மொழிச் சொற்களை இடையிடையே பெய்தெழுதவும் இடமளித்தார்.

இம்முறையை அப்படியே தமிழ் வகுப்புக்குக் கொணர்தல் பொருந்துமா? ஆங்கிலத்தில் முதலில் நிற்கும் அத்தொடர் தமிழிலே இறுதிக்குச் சென்றுவிடும். ‘நீலப் பறவையாய்ப் பருத்தித்துறைக்குப் பறக்க வேண்டும்’, ‘மஞ்சள் வண்டியேறி மட்டக்களப்புக்குச் செல்ல வேண்டும்’ என இருவர் எழுதினரெனக் கொள்வோம். ‘வேண்டும்’ என்பது அடிதோறும் ஈற்றில் வந்து இயைபாகின்றது; நிறமும் ஊரும் தேர்ந்த அளவிலே மோனையும் எட்டிப் பார்க்கின்றது. அடியீற்று ஒலியொப்புமையைத் தேடும் பிள்ளை தான் சொல்ல வந்ததை இழந்துவிடும் என்றஞ்சிக் கோக் அதனை விலக்கினார். அவர் மொழிக்கு அது தக்கதே. நமக்கோ அவ்விலக்கு வேண்டுவதில்லை. அசையும் தளையும் கற்பித்த பின்னரே பாடச் சொல்லும் நம் பழவழக்கம் இங்கே தலைகீழாதல் கண்டு இலக்கண ஆசிரியர் சிலர் முகஞ் சுளித்தலுங் கூடும். மோனை இன்னதென்று பின்னர்க் கூறும்போது அது தான் எழுதியதன் பெயரே என மாணவன் உணர்வான்.

ஸ்பானியச் சொல்லுக்கு அவர் காட்டிய பரிவே நாம் முதலிற் கொள்ளத் தக்கது. நம் பின்தங்கிய மாணவன் பெரும்பாலும் சொல்வளமுடையவன். ஆயினும் வீட்டிற் பேசுஞ் சொல் கட்டுரைக்கு ஆகாது எனப் பன்முறை கேட்டு வாய் மூடியவன். முதலடியிலேனும் அச்சொல் நுழைதல் வேண்டும்.

குறையும் உண்டு. தொடர் தந்து எழுதுவித்தல் நாளடைவில் அச்சாகிவிடும். அத்தொடரின்றி எழுதவியலாத பிள்ளை பெற்ற துணிவு கடன் பெற்றதே. 1973 இல் வெளிவந்த அடுத்த நூலிற் பெருங்கவிஞர் பாக்களையே தூண்டுகோலாகக் கொண்டமை இக்குறையை ஓரளவு நீக்குகின்றது.

பரீட்சை மிகுந்த நம் பாடசாலைகளில் ஒன்று மட்டும் செய்யலாகாது: அவ்வடிகளுக்குப் புள்ளியிடல். புள்ளி வந்தவுடன், அஞ்சிய மாணவன் அடுத்தவன் கொப்பியை மீண்டும் எட்டிப் பார்ப்பான்.