கருவியும் கதையும்

அறிவியற் புனைகதைத் தொலைக்காட்சித் தொடர்களையும் மாயக்கதை ஒலிநூல்களையும் விரும்புவோர் கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்று பலர். கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் செல்லும் இரயிலிலும் பிரிக்பீல்ட்ஸ் உணவகங்களிலும் அவர்கள் தம் தீர்ப்புகளைத் தாராளமாக வழங்குகின்றனர். ‘காட்சி பிரமாதம்’, ‘குரல் சரியில்லை’ என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இரசிகருக்கு அவ்வுரிமை உண்டு. ஆயினும் அத்தீர்ப்பு எதனை அளந்து பிறந்தது என்பதே கேள்வி.

சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்து, பின்னர் தொலைக்காட்சித் தொடருமாயிற்று. ஆங்கிலத் தொடர்களின் பொருட்செலவைக் கண்டு பழகிய இளைஞர் அதன் காட்சிகளின் எளிமையை எள்ளுவதுண்டு. கதை நிகழ்வதாகக் கூறப்பட்ட 2021-ஆம் ஆண்டும் கடந்துவிட்டது. சொன்னது பலிக்கவில்லை என்பாரும் உளர். ஆனால் கதை சோதிடமன்று. பெயரின் நீளத்தையும் பிள்ளைப்பேற்றையும் அரசே வரையறுக்கும் நாட்டில், நிலா என்னும் பெண் காணாமற்போன கணவனைத் தேடுகிறாள். நூல்களைப் படித்துச் சிந்திக்கும் ஜீனோ என்னும் எந்திர நாய் அவளுக்குத் துணையாகிறது. மனிதர் எந்திரம்போற் பணியும் இடத்தில், எந்திரம் மனிதர்போல் வினவுகிறது. இதுவே கதையின் உயிர். காட்சி எளிதென்று இதனைத் தள்ளுவது, இலை கிழிந்ததென்று விருந்தை மறுப்பதற்கு ஒப்பாகும்.

ஒலிநூலிலும் இதே பிழை நேர்கிறது. ஹாரி பாட்டர் நூல்களைப் பிரிட்டனில் ஸ்டீபன் ஃப்ரையும் அமெரிக்காவில் ஜிம் டேலும் வாசித்தனர். டேல் ஒருவரே நூற்றுக்கு மேற்பட்ட பாத்திரங்களுக்கு வெவ்வேறு குரல் தந்தார். தமிழில், மாயக்கதையன்றி வரலாற்றுப் புதினமாயினும், கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னைப் பம்பாய் கண்ணன் பலர் குரலில் ஒலிநூலாக்கினார். ஒரு குரலா, பல குரலா என்பது பெரிதன்று. கதாகாலட்சேபத்தில் ஒருவரே இராமனும் இராவணனுமாகிறார். கேட்போர் அவரை மறந்து இலங்கையைக் காண்கின்றனர். குரலையே வியந்திருக்கச் செய்யும் வாசிப்பு கதையை மறைக்கிறது. குரலை மறக்கச் செய்யும் வாசிப்பு கதையைத் தருகிறது.

தமிழில் அறிவியற் புனைகதையே இல்லை என்னும் பேச்சு எளிதாக எழுகிறது. பெரும்பாலும் அது நூலைத் திறவாதார் பேச்சு. பிடித்தது, பிடிக்கவில்லை என்பதோடு, ஏன் என்பதையும் இரசிகர் கூறத் தொடங்குவாராயின், அதற்கு விடை தேடியேனும் நூலைத் திறந்தாக வேண்டும்.