சுவரில் எழுதிய கடவுள்

இலண்டன் மாநகரத்து இசுலிங்டன் பகுதியில், 1960களின் நடுவில், யாரோ ஒருவர் சுவரில் எழுதிவிட்டுப் போனார் — கித்தார் இசைஞர் எரிக் கிளாப்டனே கடவுள் என்று! கல்லிலே கடவுளைக் கண்டோர் உண்டு. செம்பிலே கண்டோர் உண்டு. ஆறு கம்பி கட்டிய மரத்துண்டிலே கண்டது அந்தத் தலைமுறை. எழுதிய கை மறைந்தது. எழுத்து மட்டும் இன்றளவும் ஏடுகளிலே வாழ்கிறது.

பக்தர் எழுதியதைப் பக்தர் படித்து மகிழட்டும். நாம், தோழர்களே, இசைத்தட்டைச் சுழலவிட்டுக் கேட்போம். புராணத்துக்குச் சான்று கேட்டால் சினம் வரும். இசைத்தட்டுக்கோ தானே சான்று!

யார்ட்பேர்ட்ஸ் என்னும் குழு 1963இல் இலண்டனின் தென்மேற்குப் புறநகர்ப் பகுதியில் தோன்றிற்று. கீத் ரெல்ஃப் பாடினார், வாய் ஆர்மோனிகா ஊதினார். ஜிம் மெக்கார்ட்டி முரசு முழக்கினார். கிறிஸ் டிரேஜாவின் கித்தார் தாளத்துக்குத் துணை நின்றது. பால் சாம்வெல்-ஸ்மித் கையில் பேஸ் கித்தார். முன்னணிக் கித்தாரை முதலில் ஏந்தியவர் டாப் டோபம் எனும் பதினைந்து வயதுச் சிறுவர். வீட்டார் விடவில்லை, விலகினார். அவ்விடத்துக்கு 1963 அக்டோபரில் கிளாப்டன் வந்தார். பின்னர் ஜெஃப் பெக், அவருக்குப் பின் ஜிம்மி பேஜ். ஐந்தாண்டுகளில் மூன்று பெரும் பெயர்கள் ஒரே குழுவில்!

1964 மார்ச்சில் இலண்டன் மார்க்கீ மன்றத்தில் பதிவான 'ஃபைவ் லைவ் யார்ட்பேர்ட்ஸ்' தட்டைக் கேளுங்கள். கடவுளைத் தேடி ஊசியை வைப்பவர் ஏமாறுவார். அங்கே ஒலிப்பது ஐவரின் கூட்டு உழைப்பு. பாடலின் நடுவே பாட்டு நிற்கும். பேஸ் கித்தார் விரையும். முரசு அதனைத் துரத்தும். ஆர்மோனிகாவும் கித்தாரும் மாறிமாறிப் பொங்கும். உச்சத்தில் உடைந்து, பாட்டு மீண்டும் வந்து நிற்கும். இவ்வேகத்தின் அச்சாணி சாம்வெல்-ஸ்மித்தின் விரல்கள் என்பேன். எந்தச் சுவரிலும் அவர் பெயரை எவரும் எழுதவில்லை!

அத்தட்டில் உள்ள பாடல்கள் யாருடையவை? சக் பெர்ரி, போ டிட்லி, ஹவ்லின் உல்ஃப் — அமெரிக்கக் கருப்பின மக்கள் தந்த கலைச்செல்வம். பருத்திக் காட்டிலும் ஆலைத் தெருவிலும் வியர்வை சிந்திய மக்களின் இசை புளூஸ். இங்கிலாந்தின் வெள்ளை இளைஞர் அதனைக் கற்றனர், காதலித்தனர், அது குற்றமன்று. ஆனால் கற்றுக்கொடுத்தவர் ஆசிரியர், கற்றுக்கொண்டவர் கடவுளா? அந்தக் 'கடவுள்' 1976 ஆகஸ்டில், பர்மிங்காம் மேடையில், குடிபோதையில், குடியேறிய வேற்று நிறத்தவரை நாட்டைவிட்டு வெளியேற்றக் கோரிப் பேசினார். ஈனோக் பவலுக்கு ஆதரவும் கேட்டார். அக்கொடுமையைக் கண்டித்தே 'ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்' இயக்கம் எழுந்தது. பின்னாளில் அவர் வெட்கினார், ஏற்போம். மனிதர் என்றால் பிழையும் உண்டு, வருத்தமும் உண்டு. கடவுளாக்கியவர்களுக்கல்லவா தொல்லை!

1965 மார்ச்சில் 'ஃபார் யுவர் லவ்' வெளிவந்தது. எழுதியவர் கிரஹாம் கோல்ட்மன், முன்நிற்பது ஹார்ப்சிகார்ட், கிளாப்டனின் கித்தாருக்கு நடுவே சிறிது இடம். பாட்டு பெருவெற்றி பெற்றது. புளூசின் தூய்மை கெட்டது என்று அவர் விலகினார். தூய்மை! இச்சொல்லைக் கேட்டதும் நமக்கு ஐயம் பிறப்பது இயல்பு. எனினும் அவர் திறனைக் குறைத்துப் பேசேன். அத்தட்டின் மறுபக்கத்தில் 'காட் டு ஹரி' என்னும் கித்தார் இசை உண்டு. கூரிய கத்திபோல், ஒரு சுரமும் வீணாகாமல். வேடிக்கை என்னவெனில், அதனை இயற்றியவராக அச்சேறியது 'ரஸ்புட்டின்' — குழுவின் மேலாளர் ஜார்ஜியோ கோமெல்ஸ்கியின் புனைபெயர்!

அடுத்து வந்த பெக்கிடமே இக்குழுவின் உயிரைக் காண்கிறேன். 'ஹார்ட் ஃபுல் ஆஃப் சோல்' பதிவுக்கு இந்தியச் சித்தார் இசைஞர் ஒருவரை அழைத்தனர். குழுவின் முழக்கத்தினிடையே சித்தாரின் மெல்லொலி எடுபடவில்லை. பெக் என்ன செய்தார்? ஒலியை வேண்டுமென்றே கரகரக்கச் செய்யும் ஃபஸ் பெட்டியை இணைத்து, கித்தாரிலேயே அச்சாயலை எழுப்பினார். அருள் இறங்கி நிகழ்ந்த அற்புதமன்று; ஒரு சிக்கலுக்கு அறிவு கண்ட விடை.

'ஷேப்ஸ் ஆஃப் திங்ஸ்' 1966இல் வெளிவந்தது. பதிவின் பெரும்பணி சிகாகோவின் செஸ் நிலையத்தில் நடந்தது. மடி வாட்டர்சும் ஹவ்லின் உல்ஃபும் பாடிப் பதிந்த அதே செஸ்! கித்தாரின் ஒலி பெருக்கியில் பாய்ந்து, பெருக்கியின் ஒலி திரும்பிக் கம்பியைத் தாக்க, எழுகிறதே ஓர் ஊளை — பிறர் பழுதென்று ஒதுக்கியதை பெக் பண்ணாக்கினார். இக்குழுவின் தட்டுகளில் ஒன்றே ஒன்றைத் தேர்க என்றால், தயங்காமல் இதனையே எடுப்பேன்.

பேஜ் 1966இல் வந்தார். முதலில் பேஸ் கித்தாருக்கு, பிறகு பெக்கோடு தோள்சேர்ந்து முன்னணிக்கு. இருவரும் மோதும் 'ஹாப்பனிங்ஸ் டென் இயர்ஸ் டைம் அகோ' துணிவான பதிவு, பெருவெற்றி பெறவில்லை. அவ்வாண்டின் இறுதியில் பெக் விலகினார். 1967இன் 'லிட்டில் கேம்ஸ்' பற்றிச் சொல்ல அதிகமில்லை: அங்காடிக்கு அவசரமாகச் சமைத்த பண்டம். 1968 மார்ச்சில் நியூயார்க் ஆண்டர்சன் அரங்கில் பதிவானதை 1971இல் வெளியிட்டபோது, கூட்டத்தின் ஆரவாரத்தைப் பின்னால் ஒட்டவைத்தனர். பேஜின் எதிர்ப்பால் அத்தட்டு திரும்பப் பெறப்பட்டது. ஒட்டு நீக்கிய பதிப்பை 2017இல் அவரே வெளியிட்டார். கைதட்டலைக்கூடக் கடன் வாங்கும் வணிகம்!

கடன் என்றதும் கணக்கு நினைவுக்கு வருகிறது. ஜேக் ஹோம்ஸ் 1967இல் பதிந்த 'டேஸ்டு அண்ட் கன்ஃப்யூஸ்டு' பாடலை யார்ட்பேர்ட்ஸ் மேடைகளில் இசைத்தனர். 1969இல் லெட் செப்பலின் தட்டில் அது பேஜின் பெயரில் மட்டும் வந்தது. ஹோம்ஸ் 2010இல் வழக்குத் தொடுத்தார். நீதிமன்றத்துக்கு வெளியே உடன்பாடு ஏற்பட்டது. 2012இன் வெளியீட்டில்தான் அவர் பெயர் ஓரமாக இடம்பெற்றது. ஒரு பெயர் அச்சேற நாற்பது ஆண்டுக்கு மேல்!

பெக்கைப் புகழ்ந்த நான் அவர் கணக்கை மட்டும் மறைப்பது முறையன்று. 1966இல் வந்த 'ஜெஃப்ஸ் பூகி' அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. சக் பெர்ரியின் 'கித்தார் பூகி' வெளிவந்தது 1958இல். இரண்டையும் அடுத்தடுத்துச் சுழலவிட்டுக் கேளுங்கள் தோழர்களே. தொடக்கத்துச் சில நொடிகளே போதும்.