வழுக்கும் துணியும் வளையத்தின் பிடியும்

கறுப்பு நிதாத் துணியை மர வளையத்தில் பூட்டி, திருகாணியை விரல் நோக இறுக்குவார்கள். பிறகு ஓரங்களைப் பிடித்து நாலு பக்கமும் இழுப்பார்கள். நடுவில் ஒரு சுண்டு. றபானில் தட்டியதுபோல் 'டொம்' என்று கேட்டால் திருப்தி, மெசினில் உட்கார்ந்துவிடுவார்கள். மூன்றாவது இதழ் தைக்கும்போது துணி ஒரு நூலளவு உள்ளே நகர்ந்திருக்கும். சோக்கால் போட்ட கோடு ஓரிடம், ஊசி இறங்குவது வேறிடம். உடனே திருகாணிக்கு இன்னும் அரைச் சுற்று.

புத்தளம் தொடங்கி கல்பிட்டி வரைக்கும் எம்ப்ரொய்டரி போடும் வீடுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இது. இந்தக் கரையின் மெசின் பூத்தையலை லேசாகக் குறை சொல்லிவிட முடியாது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது அவர்களில் பெரும்பாலானோர் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கு. யாழ்ப்பாணத்தில் தையலே தொழிலாக இருந்த குடும்பங்களும் அவர்களுள் இருந்தன. இரண்டு மணி நேர அவகாசத்தில் புறப்பட்டவர்களால் மெசினைத் தூக்கிவர முடியவில்லை. கைப்பழக்கம் மட்டும் கூடவே வந்தது. இங்கே அபாயாவின் கைமடிப்பிலும் கழுத்துப்பட்டியிலும் ஓடும் பூக்களைப் பார்த்தால் அந்தக் கை எப்படிப்பட்டது என்று தெரியும். என் முறைப்பாடு கையைப் பற்றியதல்ல, வளையத்தைப் பற்றியது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். உள்வளையத்துக்குப் பருத்தி நாடா சுற்றும் வழக்கம் இங்கே உண்டு. கடையில் புதிதாக வாங்கும் மர வளையம் பார்வைக்குத்தான் வட்டம். வெளிவளையத்தோடு அது எல்லா இடத்திலும் ஒட்டிப் பொருந்துவதில்லை. ஆணிக்குப் பக்கத்தில் ஒருவிதமாகவும் எதிர்ப்பக்கத்தில் வேறுவிதமாகவும் அழுத்தம் விழும். நிதாவோ வழவழப்பான பொலியெஸ்டர். பளபளப்பாக்கிய மரத்தில் அது பிடித்துக்கொள்ள எதுவுமில்லை. நாடா இரண்டு வேலை செய்கிறது: இடைவெளியை நிரப்புகிறது, தன் நெசவின் சொரசொரப்பால் துணியைக் கவ்வுகிறது. பாதிக்குப் பாதி மேலே ஏறும்படி சாய்வாகச் சுற்றி, முனையை வளையத்தின் உட்பக்கத்தில் தைத்து முடிக்க வேண்டும். முனை வெளிப்பக்கம் வந்தால் அந்த மேட்டில் மட்டும் பிடி இருக்கும், இரு பக்கமும் துணி நழுவும்.

ஆனால் கடற்காற்று இந்த நாடாவைச் சும்மா விடுவதில்லை. உப்பு ஈரம், கைவியர்வை, மெசின் எண்ணெய் எல்லாம் அதில் ஊறும். கறுப்பு அபாயாவில் தெரியாத அழுக்கு, திருவிருந்துக்குத் தைக்கும் வெள்ளைக் கவுனில் வட்டமாக அச்சடித்து நிற்கும். இரும்பு ஆணியென்றால் துருவும் சேரும். வேலை முடியாத துணியை வளையத்திலேயே விட்டு இரவு படுக்கப் போகும் பழக்கத்தை எந்தத் துணியும் மன்னிப்பதில்லை. காலையில் விழுந்திருக்கும் தழும்பு ஸ்திரிக்கைக்கும் போகாது.

இனி அந்த இழுவை. தில்லையடியில் ஒரு ராத்தாவிடம் இதைப்பற்றிப் பேச்சுக் கொடுத்தேன். "இழுத்து இறுக்காட்டி துணி எப்பிடி நிக்கும் மகள்?" என்றார். நியாயமான கேள்வி. பதிலுக்கு ஒரு தேத்தண்ணிக் கோப்பையை அவருடைய வளையத்தின் நடுவே கவிழ்த்து, விளிம்பைச் சுற்றி சோக்கால் வரைந்தேன். பிறகு வளையத்தைக் கழற்றினோம். வட்டம் முட்டை வடிவமாகச் சுருங்கிக் கிடந்தது. ஆணி இறுகிய பின் இழுக்கும்போது கை பெரும்பாலும் குறுக்குச் சாய்வில்தான் இழுக்கிறது. பாவும் ஊடும் சாய்ந்துபோன அந்த நிலையில் தைத்த பூ, வளையம் கழன்றதும் துணியோடு சேர்ந்து தன் பழைய இடத்துக்குப் போகப் பார்க்கும். நூல் விடாது. பூவைச் சுற்றி விழும் சுருக்கம் அந்தச் சண்டைதான். நூல் கெட்டி, ஊசி சரியில்லை என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் சாட்டு.

துணி நழுவுவது இறுக்கம் போதாததால் அல்ல, பிடி சமமாக இல்லாததால். உடப்புக் கடற்கரையில் கரைவலை இழுப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு பக்கக் கம்பாவை மட்டும் பலமாக இழுத்தால் மடி கோணும். சுவிற்சர்லாந்தில் 1863இல் இசாக் குரோப்லி செய்த எம்ப்ரொய்டரி மெசினில் வளையமே கிடையாது. பிடி எங்கும் சமமாக விழ, துணியை மேலும் கீழும் உருளைகளில் சுற்றி நீளச் சட்டத்தில் விரித்துப் பிடித்தார்கள். அந்த மெசினின் பெயர் ஷிஃப்லி, அவர்கள் மொழியில் சின்னப் படகு. உள்ளே நூலோடு ஓடும் ஓடத்தின் வடிவத்தால் வந்த பெயர்.

அப்படியானால் இத்தனை காலம் இழுத்துத் தைத்தும் இவர்களுடைய பூக்கள் எப்படி அழகாக வந்தன? இந்தக் கேள்விதான் என்னை அதிகம் உறுத்தியது. பாதத்தைக் கழற்றி, பல்லை இறக்கி, வளையத்தைக் கையால் நகர்த்தித் தைக்கும்போது கண் ஊசிமேலேயே இருக்கிறது. துணி ஒரு நூல் நகர்ந்தால் கையும் ஒரு நூல் நகர்ந்து கொடுக்கும். தையல்காரியின் திறமை வளையத்தின் குறையை மூடி மறைத்தது. கம்பியூட்டர் எம்ப்ரொய்டரி மெசினுக்குக் கண் இல்லை. துணி நகர்ந்ததா என்று பாராமல், போட்ட கணக்குப்படி தைத்துக்கொண்டே போகும். அதே இழுவைப் பழக்கத்தோடு இந்த மெசினுக்கு மாறியவர்கள் அவுட்லைன் ஒரு பக்கமும் நிரப்புத் தையல் ஒரு பக்கமுமாக வந்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு டிசைன் போட்டவரைத் திட்டுகிறார்கள்.

கண்ணில்லாத இந்த மெசினை மின்வெட்டும் சோதித்தது. 2022 மார்ச் முடிவில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தது. 900 மெகாவாட் அனல்மின் நிலையம் நிற்கும் நுரைச்சோலையைக் கொண்ட மாவட்டம்தான் இது, இருந்தும் இருட்டுத்தான். மின்சாரம் திரும்பியதும் மெசின் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். வளையத்தில் மணிக்கணக்காகக் கிடந்த துணி அதற்குள் தளர்ந்திருக்கும். கால்மெசின்காரிகள் அந்த நாட்களில் வேலையை விடவில்லை.

அடியில் வைக்கும் தாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய பத்திரிகைத் தாள் காசில்லாமல் கிடைக்கிறது, கிழிக்கவும் சுலபம். ஆனால் அடர்த்தியான தையலில் ஊசி குத்திக் குத்தியே தாள் துண்டாகிவிடும். தாங்கவேண்டிய நேரத்தில் அங்கே ஒன்றும் இருக்காது. வெளிர் நிறத் துணியில் மையும் ஒட்டும். கஞ்சி பருத்திக்கு நல்லது, பொலியெஸ்டரில் நிற்காது. வெட்டி எடுக்கும் கன்வஸ்தான் நிதாவுக்கும் ஜேர்சிக்கும் உகந்தது.

கன்வஸை மட்டும் வளையத்தில் பூட்டி, துணியை அதன்மேல் ஒட்டித் தைக்கும் முறையும் இப்போது பரவுகிறது. வளையத் தழும்பு விழாது என்பது பெரிய லாபம். ஒட்டு ஸ்ப்ரேயை அள்ளி அடித்தால் ஊசியில் பசை ஏறி நூல் அறும். அதற்குப் பதிலாகப் பூவைச் சுற்றி நீளத் தையலால் ஒரு சதுரம் ஓட்டிவிட்டால் துணி அசையாது, பிறகு உருவிவிடலாம். காந்தச் சட்டத்தை எல்லாவற்றுக்கும் மருந்துபோலச் சொல்கிறார்கள். தடித்த துணிக்குச் சரி. மெல்லிய நிதாவை அது மேலிருந்து அமுக்குகிறதே தவிர, இரு வளையத்துக்கிடையில் மடித்துக் கவ்வுவதில்லை. பக்கவாட்டில் நழுவுவதை நானே கண்டிருக்கிறேன். அந்த விலைக்கு அது வேண்டாம்.

என் தீர்ப்பு நாடாவின் பக்கம், இழுவைக்கு எதிராக. துணியைப் பாவும் ஊடும் நேராக விரித்து, ஆணியை முக்கால்வாசி இறுக்கி, உள்வளையத்தை அமுக்கி, சுருக்கத்தை விரலால் நீவிவிட்டு, மிச்சத்தை இறுக்குங்கள். அதன்பிறகு துணியைத் தொடாதீர்கள். நாடா மஞ்சளாகியிருந்தால் அடுத்த வெள்ளைத் துணிக்கு முன் மாற்றிவிடுங்கள்.