காசும் ‘கேஷ்’ என்னும் சொல்லும்

ஆங்கிலத்தில் ரொக்கப் பணத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ என்னும் சொல், தமிழ்க் ‘காசு’ என்பதன் திரிபே என்று வகுப்பறையிலும் மேடையிலும் பலர் கூறி வருகின்றனர். ஒலியும் பொருளும் ஒத்திருத்தலின் இக்கூற்று செவிக்கு இனிக்கிறது. ஆயினும், சொல்லாராய்ச்சியில் இனிமை சான்றாகாது. ஒரு சொல் எம்மொழியிலிருந்து, எவர் வாயிலாக, எப்பொருளில் புகுந்தது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை வேண்டும்.

காசு தமிழில் நெடுங்காலம் வழங்கும் சொல் என்பதில் ஐயமில்லை. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் அது நாணயப் பெயராக வருகிறது. வெண்பாவின் ஈற்றுச் சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என வாய்பாடு கற்பிக்கும் ஆசிரியர்க்கு அதன் பழமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆனால், சொல் பழையது என்பது ஒன்று; ரொக்கத்தின் ஆங்கிலப் பெயர் அதிலிருந்து பிறந்தது என்பது வேறொன்று.

இலத்தீன் மொழியில் ‘கப்சா’ என்பது பெட்டி. அதுவே இத்தாலியத்தில் ‘கஸ்ஸா’ ஆயிற்று. பிரெஞ்சு மொழியிலும் அதன் வழிச்சொல் உண்டு. 1598-இல் ஜான் புளோரியோ வெளியிட்ட இத்தாலிய – ஆங்கில அகராதி, ‘கஸ்ஸா’வுக்கு வணிகரின் ‘கேஷ்’ எனப் பொருள் தருகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி தோன்றியது 1600-இல். ஆங்கிலேயர் சென்னையில் இடம் பெற்றது 1639-இல். பெட்டியின் பெயர் அதனுள் இருக்கும் பணத்துக்கு ஆகி வந்தது. இதனை நம் இலக்கணம் இடவாகுபெயர் என்னும். ‘கேஷியர்’ என்பாரும் பணப்பெட்டியைக் காப்பவரே.

அங்ஙனமாயின் காசு ஆங்கிலம் புகவே இல்லையா? புகுந்தது, வேறு வாயிலால் புகுந்தது. கீழைநாட்டுச் சிறு நாணயங்களைப் போர்த்துக்கீசியர் ‘கைஷா’ என்றனர். அது காசின் திரிபு என்பதே அறிஞர் பலர் கொள்கை. பெட்டிக்கும் அவர்கள் மொழியில் அதுவே பெயராதலின் இரண்டும் ஓருருவாயின. அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் அந்நாணயப் பெயரையும் ‘கேஷ்’ என்றே கொண்டனர். 1818-இல் ரூபாய்க் கணக்கு வரும்வரை சென்னையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். சதுரத் துளையுள்ள சீனச் செப்பு நாணயத்துக்கும் ஆங்கிலத்தில் இப்பெயரே நிலைத்தது. எனவே, ஆங்கில அகராதியில் ‘கேஷ்’ ஒன்றன்று, இரண்டு: ஒன்று பெட்டி வழி வந்த ரொக்கம், மற்றது காசு வழி வந்த நாணயம்.

ஒலியொப்புமை ஒன்றையே நம்பினால், ‘எய்ட்’ என்னும் ஆங்கில எண்ணுப்பெயரையும் எட்டிலிருந்து பிறந்ததாகக் கூறவேண்டிவரும். அதுவோ இலத்தீன் ‘ஒக்டோ’வின் இனம், எட்டு என்பதற்கு அடி ‘எண்’ என்பது.

கட்டுமரமும் சுருட்டும் மிளகுதண்ணீரும் ஆங்கிலம் ஏறியமை ஐயமற்ற உண்மை. ஆசிரியர் கூறியதை நம்பிய மாணவன், பின்னாளில் அகராதியைப் புரட்டி ரொக்கத்தைப் பற்றிய கூற்று பிழையெனக் கண்டால், இம்மெய்களையும் ஐயுறுவான். தமிழின் பெருமைக்கு இரவற்சான்று வேண்டா. சீன நாணயம் வரை பெயர் பரப்பிய காசின் உண்மை வரலாறே வகுப்பறைக்குப் போதும்.