கூடுதல் தகவலில் ஒரு மனைவி

முன்னோரைத் தேடி ஆவணக் காப்பகத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஓர் ஆணைத் தேடித்தான் போகிறார்கள். பட்டாளத்தில் இருந்த கொள்ளுத்தாத்தா, வெள்ளைக்காரன் காலத்துப் போலீஸ்காரத் தாத்தா, பர்மாவுக்குப் போய்த் திரும்பாத சின்னத்தாத்தா. இவர்களுடைய மனைவியைத் தேடி ஒருவர் விண்ணப்பம் எழுதி நான் பார்த்ததில்லை. பாசக் குறைவு இதற்குக் காரணமில்லை. மனைவிக்குப் படை எண் இல்லை, பிரிவு இல்லை, பதவி இல்லை. எந்தத் துறையின் எந்த ஆண்டுக் கோப்பைக் கேட்பது?

குடும்பத்துப் படைவீரரைத் தேடும் எழுத்து இப்போது ஒரு தனி வகையாகவே வளர்ந்துவிட்டது. அவற்றில் பெரும்பாலானவை பதவி, பதக்கம், சீருடையில் ஒரு புகைப்படம் என்று முடிந்துவிடுகின்றன. விதிவிலக்காக நான் மதிக்கும் நூல் ரகு கர்னாட் ஆங்கிலத்தில் எழுதி 2015இல் வெளிவந்த ‘ஃபார்தெஸ்ட் ஃபீல்டு’. பாட்டி வீட்டுப் புகைப்படங்களில் இருந்த மூன்று இளைஞர்கள் யார் என்று கேட்கப் புறப்பட்ட நூல் அது. கோழிக்கோட்டுப் பார்சிக் குடும்பத்து மகன் பாபி, கிண்டிப் பொறியியல் கல்லூரியில் படித்து, ராணுவத்தின் பொறியாளர் படையில் சேர்ந்தவர். அவருடைய அக்காக்களில் ஒருவரை மணந்த குடகு மருத்துவர் கன்னி. இன்னோர் அக்காவை மணந்த விமானி மானெக். மூவரும் இரண்டாம் உலகப்போர்க் காலத்திலேயே இறந்துபோனார்கள். வெள்ளையனின் சீருடையில் இறந்தவர்களுக்குச் சுதந்திர இந்தியாவின் கதையில் இடம் இல்லாமல் போனது. அந்த மறதியைத்தான் நூல் எதிர்கொள்கிறது, நேர்மையாகவும் அழகாகவும்.

ஆனால் பெண்ணாக அதை வாசிக்கும்போது என் கண் நர்கேஷ் மேலேயே நிற்கிறது. வீட்டில் நக்ஸ். கன்னியின் மனைவி, நூலாசிரியரின் பாட்டி. சென்னையில் மருத்துவம் படித்தவர். சமூகத்துக்கு வெளியே மணம் செய்ததற்காக அப்பாவின் கோபத்துக்கு ஆளானவர். எல்லைப்புற மாகாணத்தில் கணவர் குண்டுபட்டு அல்ல, நோயில் இறந்த பிறகு, மகளை வளர்த்து ஆளாக்கியவர். நூலின் முதல் பாதியில் இவர் உயிரோடு நடமாடுகிறார். போர்முனை நெருங்க நெருங்கப் பின்னுக்குப் போய்விடுகிறார். ஆசிரியருக்குப் பாட்டி மேல் அக்கறை இல்லையென்று இதைப் படிக்கக் கூடாது. ஒவ்வொரு படைப்பிரிவும் நாள்தோறும் போர்நாட்குறிப்பு எழுதிவந்தது. எந்தப் பாலம், எந்த ஆறு, எத்தனை மணி என்று அதில் இருக்கிறது. பாபியின் மனத்துக்குள் புகுந்து எழுத அந்தக் காகிதம் கைகொடுக்கிறது. கைம்பெண்ணான மருத்துவரின் 1943ஆம் ஆண்டுக்கு அப்படி நாட்குறிப்பு யார் எழுதினார்கள்? புனைவின் சுதந்திரத்தை எடுத்துக்கொண்ட நூல்கூட, காகிதம் அடர்த்தியாக இருக்கும் பக்கமாகவே கற்பனையைச் செலவு செய்கிறது. என் புகார் அவ்வளவுதான், ஆனால் சின்னப் புகார் இல்லை.

இதே சாய்வு சாதாரணக் குடும்பத்தின் தேடலில் இன்னும் கடுமையாகத் தெரியும். காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் தமிழ்ப் பெயர்கள் ஏராளம். பெயர், பதவி, எண், பிரிவு, இறந்த நாள். எல்லாவற்றுக்கும் கீழே ‘கூடுதல் தகவல்’ என்று ஒரு வரி. இரண்டாம் உலகப்போர்ப் பதிவுகள் பலவற்றில் அந்த வரியில்தான் அம்மாவின் பெயரும் மனைவியின் பெயரும் வருகின்றன: இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்ன ஊர். ஆங்கில எழுத்தர் கேட்ட மாதிரிக்குச் சிதைந்த ‘கள்’ளும் ‘அம்மாள்’களும் அங்கே கிடக்கின்றன. ஒரு கிராமத்துப் பெண்ணின் பெயர் அச்சில் ஏறிய ஒரே இடம் அதுவாகவே இருந்திருக்கலாம்.

ஆண்களுக்கும் அந்தப் பட்டியல் சமமாக இருக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். முதல் உலகப்போரில் இறந்த இந்திய, ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் வெள்ளையருக்கு நிகராக நினைவுகூரப்படவில்லை என்று அந்த ஆணையமே 2021இல் வெளியிட்ட அறிக்கை ஒப்புக்கொண்டது. 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டார்கள். குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயர் சொல்லியோ, எந்த வகையிலுமோ நினைவு இல்லை. நம் கிராமங்களில் இன்றும் காணக்கிடைக்கும் போர் நினைவுக் கல்வெட்டுகளும் இப்படித்தான்: இந்த ஊரிலிருந்து இத்தனை ஆண்கள் போனார்கள், இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள். பெயர் இல்லை. எண்ணிக்கையில் அடங்கிய ஆணின் வீட்டில் இருந்தவள் எண்ணிக்கையிலும் இல்லை.

குடும்பங்கள் பெருமையோடு தேடும் பதக்கத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. வீரப் பதக்கம் பெற்றவர் இறந்தால் மாதப்படி அவர் மனைவிக்குப் போகும். மறுமணம் செய்தால் நின்றுவிடும். இறந்தவரின் சகோதரனை மணந்தால் மட்டும் தொடரும். காலனிய ஓய்வூதிய வழக்கத்தின் வாசம் வீசும் இந்த நிபந்தனையைப் பாதுகாப்பு அமைச்சகம் நீக்கியது எப்போது தெரியுமா? 2017 நவம்பரில். பதக்கத்தைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டும் நம்மில் எத்தனை பேர் அதன் கூடவே வந்த இந்த விதியைப் படித்திருப்போம்?

கூடுவாஞ்சேரியில் மின்ரயில் ஏறினால் எழும்பூர் காப்பகத்துக்கு ஒரே வண்டி. வழியெல்லாம் சீருடைதான். வண்டலூர் தாண்டி உள்ளே ஊனமாஞ்சேரியில் காவலர் உயர் பயிற்சியகம், தாம்பரத்தில் விமானப்படைத் தளம், பிறகு பல்லாவரமும் பரங்கிமலையும், சென்னைப் படையின் பழைய கன்டோன்மென்ட்கள். பரங்கிமலை நிலையத்தைக் கடக்கும்போது எனக்கு நினைவு வருவது பூட்டு மருத்துவமனை. ஐரோப்பியச் சிப்பாய்களுக்குப் பால்வினை நோய் வராமல் காக்க, கன்டோன்மென்ட்டைச் சுற்றி இருந்த பெண்களைப் பதிவுசெய்து, சோதித்து, நோய் இருந்தால் அடைத்துவைத்த இடம். 1868ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டம் இதை நகரத்துக்கும் விரித்தது. பதிவு செய்யாத பெண்ணைக் கண்டுபிடித்து இழுத்துவருவது போலீசின் வேலைகளில் ஒன்றானது. 1888இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது.

சென்னை மாகாணப் பூட்டு மருத்துவமனைகளின் ஆண்டறிக்கைகள் இன்று வீட்டிலிருந்தே படிக்கக் கிடைக்கின்றன, ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் புண்ணியத்தில். பட்டாளத்தை ஒட்டி வாழ்ந்த பெண்கள் ஆவணத்தில் இல்லை என்று பொத்தாம் பொதுவாகச் சொல்கிறவர்கள் அவற்றைப் புரட்ட வேண்டும். இருக்கிறார்கள், அட்டவணை அட்டவணையாக. பதிவானவர் எத்தனை, சேர்க்கப்பட்டவர் எத்தனை, சராசரி நாள் எத்தனை. பெயர் மட்டும் இல்லை. நோயைக் கொண்டுவந்த சிப்பாய்க்கு அந்தச் சட்டத்தின்கீழ் உடல் சோதனையும் இல்லை, அடைப்பும் இல்லை. அவனுக்குப் பெயரும் சேவைப் பதிவும் இருந்தன. எந்தக் குடும்பமும் அந்த அட்டவணையில் தன் முப்பாட்டியைத் தேடப் போவதில்லை என்பதையும் சேர்த்துத்தான் நாம் யோசிக்க வேண்டும்.

போலீஸ் பக்கம் வருவோம். என் அம்மாவின் தாத்தா தென்மாவட்டம் ஒன்றில் ஆயுதப்படைக் காவலர். வீட்டு ஆண்கள் சொல்லும் கதை லத்தி, குதிரை, துரை கைகொடுத்தது. பாட்டி சொன்ன கதை வேறு: போலீஸ் லைனில் ஓர் அறை வீடு, மாற்றல் உத்தரவு வந்தால் இரண்டு நாளில் சட்டி பானையோடு கிளம்பவேண்டும், உடுப்பு அலசிக் கஞ்சி போடுவது தாயின் வேலை, அதில் சுருக்கம் இருந்தால் அபராதம் தகப்பனுக்கு, அடி தாய்க்கு. 1859இன் 24ஆம் சட்டத்தால் உருவான சென்னை மாகாணப் போலீஸ் இந்தச் சம்பளமில்லா உழைப்பின் மேல் நின்றது. தமிழ்நாட்டில் பெண்கள் காவலராகச் சேர்க்கப்பட்டது 1973இல். அதுவரை நூறு வருடத்துக்கு மேலாகப் போலீஸ் தாளில் ஒரு பெண் புகார்காரியாகவோ குற்றவாளியாகவோ செத்த உடலாகவோதான் வரமுடிந்தது.

அந்தத் தாத்தாவின் துப்பாக்கிக்கு எதிரே நின்றது யார் என்ற கேள்வியைத் தேடல்காரர்கள் கேட்பதேயில்லை. 1920 ஏப்ரல் 3, உசிலம்பட்டி வட்டாரத்தில் பெருங்காமநல்லூர். குற்றப் பரம்பரைச் சட்டத்தின்படி பிறமலைக் கள்ளர்களின் பெயரையும் கைரேகையையும் பதியப் போலீஸ் படை வந்தது. ஊர் மறுத்தது. துப்பாக்கிச்சூட்டில் 16 பேர் இறந்தார்கள், அவர்களில் ஒருவர் மாயக்காள் என்ற பெண். ஜாலியன்வாலாபாக் நடந்து ஓராண்டுகூட ஆகவில்லை. சுட்ட காவலர்களும் இதே மாகாணத்துக்காரர்கள்தான். அவர்களுக்கும் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள், ஒருவேளை இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டு. அவர்களுடைய குடும்ப வரலாற்றில் 1920 ‘மதுரைப் பக்கம் பந்தோபஸ்து’ என்று கடந்துபோகும்.

பெருங்காமநல்லூரின் பிள்ளைகளும் ஆவணம் தேடுகிறார்கள், வேறு காரணத்துக்காக. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல் ஒழிக்கப்பட்டது. ரேகைச் சட்டம் என்று ஊர் அழைத்த அதன் பதிவேடுகள் இன்று சீர்மரபினர் என்ற தகுதிக்கும் உரிமைக்குமான வாதத்தில் சான்றாகின்றன. தாத்தாவைக் குற்றவாளி என்று எழுதிய அதே ஏடு பேரனுக்குச் சான்றிதழ் ஆகிறது. ஒரே தாளின் இரண்டு பக்கத்திலும் குடும்பங்கள் நிற்கின்றன. ஒரு பக்கத்தை மட்டும் வைத்து முன்னோர் வரலாறு எழுதுவது எனக்கு ஒப்பவில்லை.

மாயக்காளைப் பற்றியும் ஒரு வார்த்தை. குண்டடிபட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனபோது கொல்லப்பட்டாள் என்கிறது வாய்மொழி. அரசுக் கோப்பைவிட இந்த நினைவு அவளுக்கு நெருக்கமானது, சந்தேகமில்லை. ஆனால் மற்ற 15 பேரும் எதிர்த்து நின்றவர்களாகவும், அவள் மட்டும் தண்ணீர் சுமந்த தாயாகவும் ஏன் நினைக்கப்படுகிறாள்? ரேகை வைக்க மறுத்த வீடுகளில் அவள் வீடும் ஒன்றில்லையா? புருஷனைப் பதிவேட்டில் சேர்த்தால் இரவில் அவன் காவல் நிலையத்தில் படுக்க வேண்டும். வீட்டையும் வயலையும் யார் பார்ப்பது என்ற கணக்கு பெண்களுக்குத்தானே முதலில் தெரிந்திருக்கும்? அவள் கையில் தண்ணீர்க் குடத்தைத் தவிர எதையும் நாம் வைக்கவில்லை.

எழும்பூரில் கோப்பு கேட்க அரசாணை எண்ணும் நாளும் துறையும் வேண்டும். தாத்தாவுக்காக என்றால் போலீஸ் நிர்வாகம் இருந்த நீதித்துறைக் கோப்புகளில் தொடங்கச் சொல்வார்கள். நான் இப்போது வேறு வரிசையில் போகிறேன்: முதலில் அவர் பணியாற்றிய ஊர்களில் அந்த ஆண்டுகளில் நடந்த துப்பாக்கிச்சூடுகள், பிறகு போலீஸ் லைன் குடியிருப்புக் கட்டிய ஆணைகள், பிறகு கைம்பெண்களின் கருணைத்தொகை மனுக்கள். மனுவின் அடியில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் பெரும்பாலும் இடது பெருவிரல் ரேகை இருக்கும்.